இடைவேளைக்கு முன்னால் சாகிறவர்

அந்தா, அந்த டி.வி.யப் பாருங்க தம்பி. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றான் பாருங்க, அவன் இன்னும் கொஞ்ச நேரத்துல செத்துடுவான். லாரி மோதியோ, கத்திக்குத்து வாங்கியோ, எதுலயோ ஒண்ணு. இந்தப் படத்த நான் பாத்ததில்ல. ஆனா தெரியும். இடைவேளைக்கு முன்னாடி அவன் செத்தாவணும். அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளமே.

டிக்கெட் வாங்கிட்டீங்கள்ல? சும்மாதான் கேட்டேன், பழக்கம். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸுல இருந்தவன் நான். கண்டக்டரா சேந்து, கடைசிப் பதினாலு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். வைரக்கண்ணு ஏறுறான்னா வண்டில பேச்சு நின்னுடும். இது பிரைவேட் வண்டி, இதுல எனக்கு அதிகாரம் இல்ல. திருச்சிக்கு பென்ஷன் விஷயமா வந்தேன். வருஷத்துக்கு ஒருக்கா நேர்ல வந்து, நான் உயிரோடதான் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போவணும். போட்டாச்சு. மத்தியானத்துக்குள்ள அறந்தாங்கி போய்ச் சேந்துடணும். இன்னைக்கு வீட்டுல விசேஷச் சமையல்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரன் பேரு பூவாளூர் தேசிகன். உங்க வயசுக்குத் தெரியாது. ஹீரோ கிடையாது, வில்லனும் கிடையாது. ஹீரோயினுக்கு அண்ணன், ஹீரோவுக்கு வாத்தியார், போஸ்ட்மேன், நல்ல போலீஸ்காரன், இப்படித்தான் வருவான். வந்து, நல்லது நாலு சொல்லிட்டுச் செத்துப்போவான். என் சம்சாரம் மங்கையர்க்கரசிக்கு அவன்னா உசுரு. அவன் இருந்தாத்தான் படம். இல்லன்னா எவ்வளவு பெரிய ஹீரோ படமா இருந்தாலும் வேணாம்பா.

சரி, ரசிகைன்னு விட்டுடலாம். ஆனா கேளுங்க. அவன் செத்ததும் எந்திரிச்சுடுவா! கல்யாணமான புதுசுல மாசத்துக்கு ஒரு படம் கூட்டிட்டுப் போவேன். இடைவேளைல நான் முறுக்கு வாங்கிட்டு வந்தா, இவ செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பா. ‘போலாங்க’ன்னுவா. ‘ஏண்டி, பாதிப்படம் இருக்கே’ம்பேன். ‘அதான் அவரு போயிட்டாரே’ன்னுவா. தியேட்டர் கேட்டுக்காரன் எங்களப் பாத்துச் சிரிப்பான். ஒரு படத்துல கொலைய யாரு செஞ்சதுன்னு எனக்கு இன்னைவரைக்கும் தெரியாது தம்பி. டி.வி. வந்தப்புறமும் அப்படித்தான். மத்தியானப் படத்துல அவன் செத்தான்னா, கண்ணத் தொடச்சிக்கிட்டு அடுப்படிக்குப் போயிடுவா. எந்தப் படத்தோட முடிவும் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் கேட்டேன். அப்படி என்னடி இருக்கு அவன்கிட்ட? முன்மண்டை வழுக்கை, தொப்பை, குரலும் சுமாரு. நான் அந்தக் காலத்துல எப்படி இருப்பேன் தெரியுமா, யூனிபாரம் போட்டா போலீஸ் இன்ஸ்பெக்டரான்னு சல்யூட் அடிப்பானுங்க. அவ என்ன சொன்னா தெரியுமா? ‘அவரு கேட்டுக்கிட்டு நிப்பாருங்க’ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. ‘எதுத்தாப்புல யாராச்சும் அழுதுகிட்டு என்னமோ சொல்லுவாங்கள்ல, அவரு குறுக்க பேசமாட்டாரு. அவங்க முடிக்கிறவரைக்கும் மூஞ்சியப் பாத்துக் கேட்டுக்கிட்டே நிப்பாரு. கடைசில ம்ம்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு’ன்னா. அப்புறம் இன்னும் என்னமோ சொல்ல வந்தா. எனக்கு டூட்டிக்கு நேரமாயிடுச்சு, கிளம்பிட்டேன்.

கேக்குறது ஒரு நடிப்பா? டைரக்டர் நில்லுன்னா நிக்கப்போறான். இதுக்கு என்ன தெறமை வேணும், சொல்லுங்க? இருங்க, இருங்க, நான் சொல்லி முடிச்சுடறேன்.

ரிட்டையர் ஆயி வீட்டுல உக்காந்தேன். பொண்ணு திருப்பூருல வாக்கப்பட்டு இருக்கா, வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். ஒரு வைகாசி மாசம், மத்தியானம். சாப்பிட்டுட்டு அவகிட்ட நான் ஒரு முக்கியமான விஷயம் சொல்லிக்கிட்டு இருக்கேன். தொண்ணூத்தி மூணுல மணமேல்குடி வண்டில ஒரே டிரிப்புல பதினேழு பேர டிக்கெட் இல்லாம புடிச்சேன். அதுல ஒருத்தன் என் மச்சினன். அவனையும் விடல, எறக்கி விட்டேன். அந்தக் கதை. நல்ல எடத்துக்கு வந்துட்டேன், மச்சினன் கெஞ்சுறான், அப்ப இவ கைய இப்படித் தூக்குறா. ‘கொஞ்சம் இருங்க. அவரு வந்துட்டாரு’ன்றா.

கைய நீட்டி என்னை நிறுத்துறா தம்பி! வண்டிய நிறுத்துறதுன்னா நான் நிறுத்தணும். என்னை நிறுத்துனவன் எவனும் கிடையாது. அவன் டி.வி.ல ஒரு கெழவி அழுவறதக் கேட்டுக்கிட்டு நிக்கிறான், இவ அவனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. என் மச்சினன் பாதி வழில நிக்கிறான். அந்தக் கதைய நான் இன்னும் முடிக்கல.

மறுநாள் சாயங்காலம் டீக்கடையிலேர்ந்து வந்தேன். கைகாலக் கழுவிக்கிட்டே சொன்னேன். ‘உன் தேசிகன் போயிட்டானாம். பேப்பர்ல போட்டிருக்கு’ன்னு.

பொய்தான். எதுக்கு மறைக்கணும். ஒரு பொய்யில ஒரு கெட்ட பழக்கம் போவுதுன்னா சொன்னா என்ன? குடிக்கிறவனுக்குச் சோத்துல மருந்து கலந்து குடுக்கறது இல்லையா?

அவ முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. கை நின்னுடுச்சு. ‘எப்படிங்க?’ன்னா. நெஞ்சுவலின்னேன். ‘தூக்கத்துலயா?’ன்னா. ஆமான்னு சொல்லியிருப்பேன், ஆனா அவ கேட்ட தினுசு இருக்கே, எனக்கு ஒரு காய்ச்சல்னாகூட அவ அப்படிக் கேட்டதில்ல. அதனால இல்லன்னேன். ‘மூணு நாளு இழுத்துக்கிட்டுக் கெடந்தானாம். என்னமோ சொல்லணும் சொல்லணும்னு தவிச்சானாம். கிட்ட இருந்து கேக்கத்தான் ஒரு நாதி இல்லயாம்’னேன். அது அந்த நேரத்துல தானா வந்துச்சு. நல்லாத்தான் வந்துச்சு.

முறத்த வச்சிட்டு எந்திரிச்சுப் போனா. கொல்லைல தண்ணி ஊத்துற சத்தம். தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரப்புடவையோட வந்து நிக்கிறா! எவனோ ஒரு நடிகனுக்கு! ‘அவன் என்ன உனக்குப் பங்காளியாடி, தலைக்கு ஊத்திக்கிற?’ன்னு கத்துனேன். சொல்லி வச்சாப்ல பதினாறாம் நாளு எந்திரிச்சு சமைக்கிறா. வாழைப்பூ வடை, கொத்தமல்லித் தொவையல், பைத்தம்பருப்புப் பாயசம். எல்லாம் அவனுக்குப் பிடிக்கும்னு எப்பவோ ஒரு பத்திரிகைல போட்டிருந்தானாம். இலை போட்டு, வெளக்கேத்தி, காக்காய்க்கு வச்சிட்டு, அப்புறம்தான் எனக்குப் போட்டா. நான் தொடல. ஓட்டல்ல போயி பரோட்டா சாப்பிட்டேன்.

ஒரு விஷயத்துல நான் கவனமா இருந்தேன். உயிரோட இருக்கறவன் டி.வி.ல பேட்டி கீட்டி குடுத்துத் தொலைச்சான்னா? கேபிள்காரன வரச்சொல்லி ஒயர எடுக்கச் சொல்லிட்டேன். பேப்பரையும் நிறுத்திட்டேன். அதுக்கு அவசியமே இல்லாமப் போச்சு. அவளே டி.வி. மேல துணியப் போத்திட்டா. ‘ஏன், பழைய படத்துல பாக்க வேண்டியதுதானே?’ன்னு கேட்டேன், சும்மா ஒரு சீண்டலுக்கு. ‘நெசமாவே செத்தவரு படத்துலயும் சாவுறத எப்படிங்க பாக்குறது’ன்னா. அவ்வளவுதான். அப்புறம் நான் எவ்வளவு நேரம் பேசினாலும் குறுக்க ஒரு சத்தம் கிடையாது. மணமேல்குடி கதைய மறுபடி ஆரம்பிச்சேன். ஆனா அவ சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, சொல்லவே புடிக்கல.

இப்பப் பாருங்க, செத்துட்டானா? சொன்னேன்ல. லாரிதான்.

இதுல ஒரு கூத்து நடந்துச்சு தம்பி. ஆடிப்பெருக்கு கழிஞ்சு ரெண்டு நாளு இருக்கும், தெருமுனைல என்னைப் பாத்து போஸ்ட்மேன் ஒரு கவர் குடுத்தான். மங்கையர்க்கரசி பேருக்கு. அவளுக்கு ஜென்மத்துல லெட்டர் வந்ததில்ல. பிரிச்சுப் பாத்தா, அவன் எழுதியிருக்கான். தேசிகன்! செத்தவனே எழுதியிருக்கான்!

விஷயம் என்னன்னா, இந்தக் கிறுக்கி துக்கம் கேட்டு எழுதியிருக்கா. முன்னல்லாம் பத்திரிகைல நடிகருங்க விலாசம் போடுவானுங்க. அதக் கத்தரிச்சு அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்திருக்கா போல. ‘தேசிகன் அய்யா குடும்பத்தாருக்கு’ன்னு போட்டு, நான் கடைத்தெருவுக்குப் போன நேரமாப் பாத்து எழுதி, அவளே போயி பெட்டில போட்டிருக்கா. உலகத்துல எவளாச்சும் நடிகன் வீட்டுக்குத் துக்கம் கேட்டு எழுதுவாளா? அது போயி அவன் கையிலயே கெடைச்சிருக்கு.

அவன் எழுதுனது எனக்கு மனப்பாடம். ‘அம்மா, நான் நலமாக இருக்கிறேன். உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள், அவர்மேல் கோபப்பட வேண்டாம். நீங்கள் எழுதிய பதினொரு பக்கங்களையும் நானும் என் மனைவியும் உட்கார்ந்து படித்தோம். உங்கள் மூத்த குழந்தையைப் பற்றி எழுதியிருந்த இடத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. மனதில் உள்ளதையெல்லாம் இப்போதுதான் முதல்முறை ஒருவரிடம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னும் இருந்தால் எழுதுங்கள். முடிந்தால் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். எனக்கு உடம்பு முன்போல் இல்லை, ஆனால் நீங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.’ கீழ கையெழுத்து.

பதினொரு பக்கம்! என்கிட்ட சேந்தாப்ல பதினொரு வார்த்தை பேசினவ இல்ல அவ. அந்தப் புள்ள விஷயத்த எதுக்கு வெளியாளுக்கு எழுதணும்? பொறந்து நாப்பது நாள்ல காய்ச்சல்ல போச்சு. நான் அன்னைக்கு ராமநாதபுரம் லைன்ல டூட்டி. சேதி வந்துச்சு, டிரிப்ப முடிச்சிட்டுத்தான் வந்தேன். வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவ என்னமோ சொல்லிச் சொல்லி அழுதா, ‘பேசிப் பேசி புள்ள வந்துடுமா’ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். அதோட அவளும் அந்தப் பேச்ச எடுக்கல. நானே மறந்துபோயிருந்தேன். பையனா பொண்ணான்னு இப்ப நீங்க கேட்டா, யோசிச்சுத்தான் சொல்லணும்.

லெட்டர அவகிட்ட குடுக்கல. எப்படிக் குடுக்கறது? குடுத்தா நான் பொய்யனாயிடுவேன்ல. பழைய யூனிபாரம் பெட்டில, அடியில போட்டு வச்சேன். கிழிக்கல பாருங்க. அடுத்தவங்க தபாலக் கிழிக்கிறது தப்பு.

அவ பாட்டுக்குத் தெனமும் மத்தியானம் வாசப்படிகிட்ட நின்னுக்கிட்டு இருப்பா. போஸ்ட்மேன் சைக்கிள் எங்க தெருவக் கடந்து போறவரைக்கும் நிப்பா. ‘யாருக்குக் காத்திருக்க?’ன்னு கேட்டா, ‘அந்த வீட்டம்மா ஒரு வரி எழுதுவாங்களோன்னு’ன்னா. நான் பொடியப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டேன். ஆவணி, புரட்டாசி, அப்படியே மார்கழி வரைக்கும் நின்னா.

தை மாசம், பொங்கல் கழிஞ்சு ஒரு நாளு. டீக்கடைல பேப்பரப் பிரிக்கிறேன், தேசிகன் போட்டோ! காலமானார்! நெசமாவே! தம்பி, எனக்கு வந்த சந்தோஷத்த எப்படிச் சொல்றது. அவன் செத்ததுக்கு இல்ல, நமக்கும் அவனுக்கும் என்ன பகை. எட்டு மாசமா என் தலைமேல இருந்த பொய் அன்னைக்கோட எறங்கிடுச்சுல்ல? கடைக்காரன்கிட்ட அந்த ஒரு தாளக் கேட்டு வாங்கிக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்கு வந்தேன்.

‘இந்தா பாரு, போட்டோவோட’ன்னு நீட்டுனேன். வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், ‘இது இன்னைக்குப் பேப்பரு’ன்னா. ‘ஆமா. அன்னைக்கு நான் சொன்னது கொஞ்சம் முந்திப்போச்சு. நேரத்துக்கு முன்னாடி வண்டி கிளம்புறதில்லையா, அந்த மாதிரி. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு’ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். ஒளிவுமறைவே வேணாம்னு பெட்டியத் தொறந்து அந்த லெட்டரையும் எடுத்துக் குடுத்துட்டேன். ‘உன் தபாலு. ஒரு மடிப்புக் கலையாம வச்சிருக்கேன்’னேன்.

நின்னுக்கிட்டே படிச்சா. திரும்பப் படிச்சா. ‘இது எப்ப வந்துச்சு?’ன்னா. ஆடிலன்னேன். ‘அவரு எப்ப போனாரு?’ன்னா. ‘முந்தாநாள்னு போட்டிருக்கே’ன்னேன். ஆடியிலேர்ந்து தை வரைக்கும் வெரல மடக்கி எண்ணுனா. என்னை ஒரு வார்த்தை திட்டல தம்பி. நானும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணும் இல்ல. லெட்டர மடிச்சு ரவிக்கைக்குள்ள வச்சா. கொல்லைக்குப் போனா. தண்ணி ஊத்துற சத்தம். தைக் குளிருல, பச்சத் தண்ணிய, தலைக்கு.

ஈரத்தோட வந்தா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ‘ஏண்டி, ஒரே ஆளுக்கு எத்தன தடவ ஊத்திக்குவ? அவனுக்குத்தான் வைகாசிலயே ஊத்தியாச்சே’ன்னேன். என்னை நேராப் பாத்தா. ‘ஆமா. அவருக்கு அப்பவே ஊத்தியாச்சு’ன்னா.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சு இல்ல. கேட்டா பதில் இல்ல, கூப்பிட்டா திரும்புறது இல்ல. நான் ஒருத்தன் வீட்டுல நடமாடுறதே தெரியாத மாதிரி இருந்தா. கால்ல இருந்த மெட்டியக்கூட கழட்டிட்டா. ‘வெரலு வீங்கியிருக்கா?’ன்னு கேட்டேன். வயசானா நீர் கோத்துக்கும்ல.

சரி, எவ்வளவு நாளைக்கு இருப்பான்னு நானும் விட்டேன். நாள எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினஞ்சு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா. பதினாறாம் நாளு காலைல கண்ணு முழிச்சா, அடுப்படில தாளிக்கிற வாசன. எட்டிப் பாக்குறேன், கத்திரிக்கா மொச்சக்கொட்டை போட்டு காரக்குழம்பு! எனக்குன்னா உசுரு அது. வாழைக்கா வறுவல், பருப்பு வடை, சேமியா பாயசம். தம்பி, நல்லாக் கவனிங்க, வாழைப்பூ வடை இல்ல, கொத்தமல்லித் தொவையல் இல்ல. அவனுக்குப் பிடிச்சது ஒண்ணுகூட இல்ல. எல்லாம் எனக்குப் பிடிச்சது! அங்கதான் நான் ஜெயிச்சேன்.

கூடத்துல தலைவாழை இலை. வெளக்கு. இலைக்கு முன்னாடி புது வேட்டி, துண்டு, மடிச்சு வச்சிருந்தா. இந்தா, நான் கட்டியிருக்கேன் பாருங்க, இதான் அந்த வேட்டி. முப்பத்தாறு வருஷத்துல அவளா எனக்கு எடுத்த துணி இது ஒண்ணுதான். அதுமட்டுமா, மூக்குப்பொடி டப்பா! நான் பொடி போட்டா மூஞ்சியச் சுளிப்பா. அவளே வாங்கியாந்து இலையோரத்துல வச்சிருக்கா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

எதுத்த வீட்டு ராசாம்பா மோர் வாங்க வந்தவ, எட்டிப் பாத்தா. இலையப் பாத்தா, என்னப் பாத்தா, வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா. பொறாமை. அவ புருஷனுக்கு இப்படி யாரு செய்றா?

மங்கை மொதல்ல ஒரு உருண்டை சோத்தக் கொண்டுபோயி மதில்மேல வச்சிட்டு, கா கான்னு கூப்பிட்டா. எட்டு மாசம் முன்னாடி அவனுக்கு வச்சப்ப ஒரு மணி நேரம் வராத காக்கா, அன்னைக்குப் பாருங்க, கூப்பிட்டதும் வந்து கொத்திக்கிட்டுப் போயிடுச்சு. அப்பத்தான் அவ மூஞ்சில ஒரு தெளிவு வந்துச்சு. உக்காருங்கன்னு அவ சொல்லல. சொல்லணுமா? நானே போயி அந்த இலையில உக்காந்துட்டேன். மூணு தடவ குழம்பு ஊத்திக்கிட்டேன். அவ கதவோரமா நின்னு நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. நானும் பேசிக்கிட்டே சாப்பிட்டேன். அந்த மணமேல்குடி கதைய அன்னைக்குத்தான் முடிச்சேன். குறுக்க ஒரு சத்தம் போடல அவ. கடைசில ‘ம்ம்’னா. அதான் அவ கடைசியாப் பேசினது.

ரெண்டு வருஷமாச்சு. வீட்டுல ஒரு சண்ட கிடையாது. நான் இருக்கற எடம் தெரியாம அவ பாட்டுக்கு அவ வேலையப் பாக்குறா. மறுபடி கேபிள் போட்டுக் குடுத்தேன், இப்பல்லாம் எந்தப் படம்னாலும் முழுசாப் பாக்குறா, முடிவு வரைக்கும். திருந்திட்டா. அது மட்டுமில்ல, மாசா மாசம் ஒரு அமாவாசை தப்பாம எனக்கு அதே காரக்குழம்பு, அதே பாயசம், காக்காய்க்கு வச்சிட்டு அதே மாதிரி இலை. இன்னைக்கு அமாவாசைல்ல, அதான் அவசரமாப் போறேன்.

என்ன தம்பி, என்னமோ சொல்ல வந்தீங்க? ரொம்ப நேரமா வாயெடுக்குறீங்க. முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, வண்டி ஒத்துக்கலயா? சொல்லுங்க. அட, மார்க்கெட் ஸ்டாப்பு வந்துடுச்சு. கண்டக்டர், நிறுத்துப்பா, எறங்கணும்! அப்புறம் பாத்தா பேசிக்கலாம் தம்பி, நேரமாச்சு. எனக்கு இலை போட்டிருப்பா.